சேம்பருக்குள் 90 நிமிடம்

வேலூர்ப் பக்கம் தலைக்கு எண்ணெய் வைக்காமல் காலையில் வெளியே கிளம்புபவர்கள் குறைவு. சர்க்கரை நோயாளிகளின் ஆறாத கால் புண்ணுக்காக, அழுத்தம் ஏற்றிய குழாய்க்குள் படுக்க வைத்து ஆக்சிஜன் கொடுக்கும் சேம்பர் வேலையில் முதல் தகராறே அதில்தான். சுத்த ஆக்சிஜன் நிரம்பிய அக்ரிலிக் குழாய்க்குள் தேங்காய் எண்ணெய், வாஸ்லின், சென்ட் எல்லாமே எரிபொருள். நைலான் புடவை உரசினால் பொறி கிளம்பும். அதனால் தலைக்குக் குளித்துவிட்டு, பருத்தி கவுன் மட்டும் போட்டுக்கொள்ள வேண்டும். செல்போன், காது மெஷின், அரைஞாண் எல்லாம் வெளியே. தாலிக் கயிற்றில் கோத்த ஊக்குகளை எண்ணி, டப்பாவில் போட்டு, பெயர் எழுதி வைத்தால்தான் அம்மாக்கள் நிம்மதியாகப் படுக்கிறார்கள்.

அடுத்தது சர்க்கரை. இன்சுலின் போட்டுக்கொண்டு, இட்லி சாப்பிடாமல் பஸ் பிடித்து வருபவர்கள் உண்டு. சேம்பருக்குள் சர்க்கரை இன்னும் இறங்கும். ரீடிங் 100-க்குக் கீழே என்றால் சாப்பிட வைத்து, மறுபடி பார்த்த பிறகே உள்ளே அனுப்புகிறோம். மார்பு எக்ஸ்ரேயும் கட்டாயம். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருந்தால், அழுத்தம் இறங்கும்போது அந்தக் காற்று விரிந்து ஆளைக் கொல்லலாம்.

சேம்பருக்குள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் 2 முதல் 2.5 மடங்கு. ஏறும்போது, “காது அடைக்குதாம்மா? மூக்கைப் பிடிச்சு மெதுவா ஊதுங்க” என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வலித்தால் உடனே நிறுத்தி, கொஞ்சம் இறக்கி, பிறகு ஏற்றலாம். அவசரப்பட்டால் செவிப்பறை கிழியும். அரிதாக வலிப்பு வரும். அப்போது பதறி அழுத்தத்தைக் குறைக்கக் கூடாது. மூச்சு அடைத்த நிலையில் நுரையீரல் வெடித்துவிடும். அழுத்தத்தை அப்படியே வைத்து, வலிப்பு அடங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

யாருக்குப் பலிக்கும்? புண்ணின் ஓரத்தில் சென்சார் ஒட்டித் தோலின் ஆக்சிஜனை அளக்கிறோம். வெளியே 40 மி.மீ. (பாதரச அளவு)க்குக் கீழே இருந்து, சேம்பருக்குள் 200-ஐத் தாண்டினால் நம்பிக்கை உண்டு. உள்ளேயும் ஏறாவிட்டால் தமனி அடைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. 2010-ல் ஸ்வீடனில் 94 பேரிடம் செய்ததில் ஓராண்டில் 52 சதவீதம் பேருக்குப் புண் ஆறியது. சேம்பருக்குள் வெறும் காற்று பெற்றவர்களில் 29 சதவீதம். 2018-ல் நெதர்லாந்தில் 120 பேரிடம் செய்ததில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை.

மூளை வாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோரிடம் பேசுவதுதான் மிகக் கடினம். 2001-ல் கனடாவில் 111 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், ஆக்சிஜன் பெற்றவர்களும் லேசான அழுத்தக் காற்று பெற்றவர்களும் ஒரே அளவுதான் தேறினார்கள். வட்டிக்குக் கடன் வாங்கி 40 தடவை வருவதைவிட, அந்தப் பணம் பிசியோதெரபிக்குப் போகட்டும் என்று நேராகச் சொல்லிவிடுகிறோம்.

1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோய்க் காலில் சதை தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்ட இடமே திரும்பத் திரும்ப அடிபடுகிறது என்று காட்டினார். சர்க்கரைக் காலுக்கும் அதே கதைதான். பாதத்தின் பாரத்தைக் குறைக்கும் மாவுக்கட்டோ மெத்தென்ற ரப்பரில் செய்த எம்.சி.ஆர். செருப்போ இல்லாமல் சேம்பர் மட்டும் எதையும் ஆற்றாது. இறங்கியதும் செருப்பைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்துப் போடச் சொல்கிறோம். கருவேல முள் குத்தி நின்றாலும் அந்தக் காலுக்குத் தெரியாது.