மனு ரசீது வழக்கு ஆகாது: தங்கைக்காக ஸ்டேஷனுக்குப் போன அனுபவம்

கம்மல் இழுபட்டுக் காது கிழிந்து வந்த அன்றுதான், "இனிமேல் பேச்சுவார்த்தை வேண்டாம்க்கா, புகார் கொடுக்கலாம்" என்று தங்கையே சொன்னாள்.

ஸ்டேஷனுக்கு முன்னால் அரசு மருத்துவமனைக்குப் போனோம். இதே நிலையில் இருப்பவர்களும் அப்படியே செய்யுங்கள். "எப்படிம்மா அடிபட்டது?" என்று டியூட்டி டாக்டர் கேட்டதும், பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்ல வாயெடுத்தாள். அவள் கையை அழுத்திப் பிடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "வீட்டுக்காரர் அடிச்சார்" என்றாள். விபத்துப் பதிவேட்டில் அது அப்படியே ஏறியது. பிறகு போன இடமெல்லாம் முதலில் கேட்டது அந்த நகலைத்தான்.

அப்புறம் அனைத்து மகளிர் காவல் நிலையம். பெண்கள் கூச்சமின்றிப் புகார் சொல்லத்தான் தமிழ்நாட்டில் 1992 முதல் இந்த நிலையங்கள் வந்தன. நாங்கள் சொன்னதைப் பொறுமையாகத்தான் கேட்டார்கள். வழக்கு எழுதத்தான் மனம் வரவில்லை. "குழந்தை இருக்கு, யோசிச்சுக்கம்மா" என்றார் அதிகாரி. கணவரை வரவழைத்து, இனி அடிக்கமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு, எங்கள் கையில் சி.எஸ்.ஆர். கொடுத்தார்கள்.

அது மனு வாங்கியதற்கான ரசீது, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் வழக்கு. வாரண்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் கணவன் மனைவி விவகாரங்களில் முதல்கட்ட விசாரணை நடத்தலாம் என்று இடம் கொடுத்தது. எங்கள் மனு அந்த இடத்தில்தான் மாட்டியது. அடிவாங்கியவளைத் திரும்பத் திரும்பச் சமரசத்துக்கு உட்காரவைப்பதை என்னால் விசாரணை என்று ஏற்க முடியவில்லை. வழக்குப் பதிய மறுத்தால் காரணத்தைக் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்ற விதி வரட்டும். காவல்துறைச் சீர்திருத்தத்தில் நான் முதலில் கேட்பது அதுதான்.

எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பினோம். சட்டமே தரும் வழி அது. பிறகுதான் எஃப்.ஐ.ஆர். பதிவானது. நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

போலீஸுக்காகக் காத்திருக்காமல் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரையும் பார்த்தோம். 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி அறிக்கை தயாரித்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவது அவர் வேலை. எப்போது அடித்தார், யார் பார்த்தது, நகை யாரிடம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். தங்கை அழுதபோது பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். வக்கீலைச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தந்தது. பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது.

இப்போது, கணவர் இனி அடிக்கக்கூடாது என்று மாஜிஸ்திரேட் போட்ட பாதுகாப்பு உத்தரவு கையில் இருக்கிறது. அவர் மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதன் நகலை அதே ஸ்டேஷனில் கொடுத்து, எங்கள் பிரதியில் சீல் வாங்கி வைத்திருக்கிறோம். அடி வழக்கு இன்னும் நடக்கிறது.