பூனைக்கு அவசரமில்லை

சென்னையில் நாய்களும் பூனைகளும் மட்டுமே வந்துபோகும் ஒரு சிறு கிளினிக்கில் மருத்துவராக இருக்கிறேன். பூனை வளர்ப்பவர்கள் சொல்லும் இரண்டு வாக்கியங்கள் எனக்கு மனப்பாடம். "பசி எடுத்தால் தானாகத் தின்னும் டாக்டர்" என்பது ஒன்று. "நான்கு நாள் சண்டை போட்டுவிட்டுப் பழகிக்கொள்ளும்" என்பது இன்னொன்று. முதலாவது புது உணவைப் பற்றியது. இரண்டாவது வீட்டுக்கு வந்த புதுப் பூனையைப் பற்றியது. இப்படிச் சொல்கிறவர்கள் பாசம் இல்லாதவர்கள் அல்ல. நாயிடம் ஓரளவு செல்லுபடியாவதைப் பூனையிடமும் எதிர்பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

முதல் வாக்கியம் உயிருக்கே உலை வைக்கக்கூடியது. சென்ற ஆண்டு 7 கிலோ எடையுள்ள ஒரு பெர்சியன் பூனையைக் கொண்டுவந்தார்கள். இளைக்க வைக்க வேண்டும் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஒரே நாளில் உணவை மாற்றியிருக்கிறார்கள். பூனை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது. பிடிவாதம் என்று எண்ணிப் பழைய உணவை எடுத்து ஒளித்துவைத்துவிட்டார்கள். காது மடலைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். ரோமமில்லாத உட்புறத் தோல் மஞ்சள் பூத்திருந்தது. உதட்டைத் தூக்கினால் ஈறும் மஞ்சள்.

பருத்த பூனை சில நாட்கள் சாப்பிடாமல் இருந்தாலே உடம்பின் கொழுப்பு கல்லீரலில் வந்து குவியத் தொடங்கும். கல்லீரல் அதைச் சமாளிக்க முடியாமல் திணறும். குமட்டல் வரும், குமட்டலால் பசி மங்கும். பசிக்கட்டும் என்று நாம் காத்திருக்கும் நேரத்தில் பசியே விடைபெற்றுப் போய்விடுகிறது. கழுத்துப் பக்கமாக உணவுக்குழாயில் டியூப் பொருத்தி, கூழாக்கிய உணவை சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தி, வாரக்கணக்கில் பாடுபட்டுத்தான் அதைத் தேற்ற முடிந்தது. வீட்டு அம்மா இரவிலும் அலாரம் வைத்து எழுந்து ஊட்டினார். அந்தப் பூனை பிழைத்ததில் பெரும்பங்கு அவருடையது. அன்றிலிருந்து, ஒரு நாள் முழுக்க ஒன்றும் தின்னவில்லை என்று போனில் சொன்னாலே நேரில் வரச் சொல்லிவிடுகிறேன்.

பூனை புது உணவை மறுப்பதற்குக் காரணம் உண்டு. அது முதலில் மூக்கால்தான் சாப்பிடுகிறது. குட்டியாக இருந்தபோது எந்த மணத்தோடு வளர்ந்ததோ அதையே பாதுகாப்பானது என்று நம்புகிறது. நம்முடைய ருசியை அதன்மேல் ஏற்றுவதும் பயன் தராது. இனிப்பை உணரும் மரபணு ஒன்று பூனை இனத்தில் செயலிழந்துவிட்டது என்பதை 2005-இல் அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தினர் கண்டறிந்தார்கள். பாயசத்தை அது நக்கினால் நெய்க்கும் பாலுக்கும்தான் நக்குகிறது, சர்க்கரைக்கு அல்ல. டாரின் என்ற சத்தும் அதற்கு உணவிலிருந்தே, அதாவது இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும், கிடைத்தாக வேண்டும். டாரின் குறைந்தால் பூனையின் இதயம் பலூன்போல் விரிந்து பலவீனமாகும் என்பது 1987-இல் நிரூபணமானது, பார்வையும் போகும். தயிர்ச்சோற்றிலேயே வளரும் பூனைகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருப்பது இதனால்தான்.

புது உணவைப் பழைய உணவோடு பிசைந்து வைக்காதீர்கள் என்பது நான் முதலில் சொல்வது. பிடிக்காத மணம் கலந்துவிட்டால் பழைய உணவின்மேலும் சந்தேகம் வந்துவிடும். வைத்திருந்த ஒன்றும் கைவிட்டுப் போகும். மாத்திரையைத் தினசரி உணவில் ஒளித்து வைப்பதிலும் இதே ஆபத்து இருக்கிறது. பழைய தட்டு அதன் இடத்திலேயே இருக்கட்டும். பக்கத்தில் இன்னொரு சிறிய தட்டில், நகக்கண் அளவு புதியது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தபடியே வைத்தால் மணமே எழாது. வெதுவெதுப்பாக்கி வைக்க வேண்டும். முகர்ந்துவிட்டுப் போனால் திட்டக்கூடாது, பின்னாலேயே தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. அரைமணி கழித்து எடுத்துவிட்டு மறுநாள் மீண்டும் வைக்கலாம். முகர்ந்ததே முதல் படி. நக்குவது அடுத்தது. சில பூனைகள் இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும்.

தின்பண்டம் என்றால் அளவும் வேண்டும். 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 முதல் 250 கலோரி போதும். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டம் கூடாது. உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துணுக்கு, முள் நீக்கிய மீன் போன்றவை நல்லவை. கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். குழம்பு மீனைக் கழுவித்தான் கொடுக்கிறோம் என்று பெருமையாகச் சொல்வார்கள். வெங்காயமும் பூண்டும் சாறாக இறங்கி மீனுக்குள் ஊறியிருக்கும், கழுவினால் போகாது. அவை பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகையை உண்டாக்குபவை. மீனைக் குழம்பில் போடுவதற்கு முன்பே பூனையின் பங்கை எடுத்துத் தனியாக வேகவைத்துவிட்டால் பிரச்சினையே இல்லை.

கிளினிக்கில் என் மேசை ஓரத்தில் எப்போதும் ஒரு கிண்ணத்தில் கோழித் துணுக்குகள் இருக்கும். பயந்த பூனை எவ்வளவு பிடித்த பண்டமானாலும் தொடாது. கூடைக்குள் சுருண்டு, காதுகளைப் பக்கவாட்டில் படியவைத்து, துணுக்கு இருக்கும் திசையைப் பார்க்காமலே உட்கார்ந்திருக்கும். விளக்கைக் குறைத்து, கூடையின் மேல்மூடியை மட்டும் கழற்றி, அதன் வீட்டுத் துண்டை மேலே போர்த்திவிட்டுக் காத்திருப்பேன். மூக்கு நுனி அசையத் தொடங்கும். பிறகு கழுத்து நீளும். துணுக்கை எடுத்துவிட்டால் ஸ்டெதஸ்கோப்பை வைக்கலாம். பயத்தை அளக்க என்னிடம் இதைவிட நம்பகமான கருவி இல்லை.

இரண்டாவது வாக்கியத்துக்கு வருகிறேன். புதிதாகத் திருமணமான ஓர் இளம் தம்பதி. அவள் பிறந்த வீட்டிலிருந்து தன் பூனையைக் கொண்டுவந்திருந்தாள். அவன் வீட்டில் ஏற்கெனவே ஒரு கடுவன் இருந்தது. அன்றைக்கே இரண்டையும் கூடத்தில் விட்டுவிட்டார்கள். சில நாளில் பெண்பூனையின் வாலடியில் சீழ்க்கட்டியோடு என்னிடம் வந்தார்கள். பூனைப் பல் ஊசிபோல மெல்லியது. தோல் மேலே உடனே மூடிக்கொள்ளும், உள்ளே கிருமி தங்கிச் சீழ் பிடிக்கும். கட்டியைக் கீறிச் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போது அந்தப் பெண் அழுதாள். "என் பூனையை அம்மா வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடட்டுமா டாக்டர்?" என்றாள். வேண்டாம், முதலிலிருந்து தொடங்குவோம் என்றேன்.

வீட்டுப் பூனையின் மூதாதை தனியாக வேட்டையாடித் தனியாகத் தின்ற காட்டுப் பூனை. சண்டைக்குப் பின் சமாதானம் பேசும் வழக்கம் பூனைகளிடம் மிகக் குறைவு. அடித்துக்கொண்டு பழகிவிடும் என்ற நம்பிக்கை பொய்ப்பது இங்கேதான்: ஒவ்வொரு சண்டையும் பகையைக் கெட்டிப்படுத்துகிறது. ஆகவே முதலில் கண்ணில் படாமல் பிரித்தோம். புதியவளுக்குப் படுக்கையறை, அவளுக்கென்று தண்ணீர், மணல் தட்டு, ஏறி உட்கார ஓர் அலமாரி. இரண்டு பூனை இருந்தால் மூன்று மணல் தட்டு என்பது கணக்கு. ஒன்றின் கன்னத்தில் தேய்த்த பழந்துணியை மற்றதன் அறையில் போட்டுவைத்தார்கள், ஏனென்றால் பூனை தன் முகவரியை எழுதி வைப்பது கன்னத்துச் சுரப்பிகளால்தான். மூடிய கதவின் இருபுறமும் சாப்பாட்டுத் தட்டுகள். உறுமாமல் தின்னத் தொடங்கியதும் தட்டுகளைச் சிறிது சிறிதாகக் கதவருகே நகர்த்தினார்கள். பிறகு கதவைத் திறந்து, அந்த இடத்தில் கொசுவலைச் சட்டத்தை நிறுத்தினார்கள்.

தின்பண்டத்துக்கு உண்மையான வேலை வந்தது அந்த நாட்களில்தான். ஈரமான கோழிப் பசை ஒன்றை இரண்டு பூனைகளுக்கும் தனித்தனியாக, முன்கூட்டியே பழக்கியிருந்தோம். அதை இனி மற்ற நேரத்தில் தரவேண்டாம், எதிராளி கண்ணில் படும்போது மட்டும் தாருங்கள் என்றேன். புதுப் பண்டத்தையும் புதுப் பூனையையும் ஒரே நாளில் காட்டியிருந்தால் இரண்டையும் சேர்த்தே வெறுத்திருக்கும். பிடித்ததாகிவிட்ட பண்டம்தான் பிடிக்காத முகத்துக்கு வழிவிடும்.

தனி அறைக்கு இன்னொரு காரணமும் உண்டு. மழையில் நனைந்த தெருக்குட்டியை இரக்கப்பட்டு நேராகக் கூடத்துக்குள் விடுகிறார்கள். பூனைகளைக் கொல்லும் பான்லுகோபீனியா வைரஸ் அதனிடம் இருந்தால் வீட்டுப் பூனைக்கும் தொற்றும். செருப்பில்கூட வரும், மாதக்கணக்கில் தரையில் தாக்குப்பிடிக்கும். ஆகவே இரண்டு வாரத் தனிமை, பரிசோதனை, தடுப்பூசி. அதற்காகத் தரை முழுக்கப் பினாயில் ஊற்றிவிடாதீர்கள். பினாயிலில் உள்ள பொருட்களைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு இல்லை. பாதத்தை நக்கினாலே நஞ்சாகும். நீர்த்த பிளீச்சால் துடைத்து, நன்கு அலசி, காய்ந்தபின் பூனையை விடலாம்.

அந்தத் தம்பதி தடுப்பூசிக்காக அண்மையில் வந்தார்கள். கடுவன் ஜன்னல் திட்டிலும் அவள் பூனை ஃபிரிட்ஜின் மேலும் உட்கார்ந்து, ஒரே அறையில் தூங்குகின்றனவாம். ஒன்றையொன்று நக்கிக்கொடுப்பதில்லை, கட்டிக்கொண்டு படுப்பதில்லை. "எப்போது சினேகமாகும்?" என்று அவன் கேட்டான். இப்போதே நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். ஒன்றின் முன்னால் மற்றது கண்ணை மூடித் தூங்குகிறதென்றால் அதைவிடப் பெரிய நம்பிக்கையைப் பூனையிடம் கேட்க முடியாது. கிளம்பும்போது அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: அடுக்குமாடியின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு குட்டி இருக்கிறது, தினமும் என் கால்களைச் சுற்றுகிறது. முதலில் இங்கே கொண்டுவா, பிறகு வீட்டுக்குப் போகட்டும் என்று சொல்லி, சனிக்கிழமைக்கு நேரம் குறித்துக் கொடுத்தேன்.