ஸ்போர்ட்ஸ் கார் சர்வீஸ்: சின்ன வேலையில் வரும் பெரிய செலவு

இன்ஜினை இறக்கிப் பிரிக்கும்போது எல்லோரும் கைநூலைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்கிறார்கள். ஆயில் மாற்றும்போது யாரும் அதைத் திறப்பதில்லை. மரை கழன்றுபோவது, செராமிக் டிஸ்க் உடைவது, பானெட் பூட்டிக்கொள்வது எல்லாம் அந்தத் "தெரிந்த வேலை"யில்தான் நடக்கின்றன. போர்ஷே 911 காரின் 997 தலைமுறையை எடுத்துக்கொண்டு, ஒரு வருடாந்திர சர்வீஸைச் செய்து முடிக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன். வேறு கார் வைத்திருப்பவர்கள் எண்களை மட்டும் தங்கள் கைநூலில் பார்த்துக்கொள்ளுங்கள். தவறுகள் பெரும்பாலும் இவையேதான்.

முதலில் பேட்டரி. இந்தக் காரில் அது முன்பக்க பானெட்டுக்கு அடியில் இருக்கிறது. பானெட்டின் பூட்டோ மின்சாரத்தில் திறப்பது. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு பழக்கதோஷத்தில் பானெட்டை அமுக்கி மூடினால், திறக்க வேண்டிய மின்சாரம் உள்ளேயே மாட்டிக்கொண்டது. வழி இருக்கிறது: ஃபியூஸ் பாக்ஸில் வெளியே இழுக்கக்கூடிய பிளஸ் முனை ஒன்று உண்டு. அதில் வெளிப் பேட்டரியின் பிளஸ்ஸையும், கதவுப் பூட்டு வந்து மாட்டும் இரும்புக் கொக்கியில் மைனஸையும் கொடுத்தால் பூட்டு வேலை செய்யும். இது தெரியாமல் நெம்பித் திறந்தால் பானெட்டும் போய், பெயின்ட்டும் போகும். வயரைக் கழற்றிய கையோடு பூட்டின் வாயில் ஒரு துணியைச் சுருட்டித் திணித்துவிடுங்கள். கதவுக் கண்ணாடிகளையும் கொஞ்சம் இறக்கிவிட்ட பிறகே வயரைக் கழற்றுங்கள். கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் இல்லாத கதவு என்பதால், கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி தானாகச் சில மில்லிமீட்டர் இறங்க வேண்டும். மின்சாரம் இல்லாதபோது கதவைச் சாத்தினால் கண்ணாடி நேராக ரப்பர் சீலில் இடிக்கும்.

லித்தியம் பேட்டரி உள்ள கார்களுக்குச் சாதாரண சார்ஜர் வேண்டாம். சாதாரண ஈய பேட்டரியில் படியும் சல்பேட்டைக் கரைக்க அதிக வோல்டேஜ் கொடுக்கும் சார்ஜர்கள் லித்தியம் செல்லைக் கெடுத்துவிடும்.

அடுத்து ஜாக்கி. இன்ஜின் பின்னால் தொங்குவதால், அதன் அடியில் முட்டுக்கொடுத்துத் தூக்கினால் எளிது என்று தோன்றும். அங்கே இருப்பது ஆயில் தங்கும் அலுமினியத் தொட்டி, அதாவது சம்ப். காரின் எடையைத் தாங்கச் செய்ததல்ல. கைநூல் காட்டும் நான்கு இடங்களைத் தவிர வேறெங்கும் ஜாக்கி தொடக் கூடாது. அந்த இடத்திலும் ரப்பர் கட்டை வைத்தே தொட வேண்டும். ஸ்டாண்ட் இல்லாமல், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

சக்கரத்தைக் கழற்றும் இடத்தில்தான் அதிக நஷ்டம் நடக்கிறது. காரில் செராமிக் பிரேக் இருந்தால் டிஸ்க்கின் விளிம்பு இரும்பைப் போல அடி தாங்காது. இந்தக் காரில் சக்கரத்தைத் தாங்கி நிற்கும் ஸ்டட் (நிலையாகப் பதித்த மரை ஆணி) கிடையாது, கழன்று வரும் போல்ட்தான். கடைசி போல்ட் வந்ததும் சக்கரம் சற்றே கீழே சரியும். ரிம்மின் உள்விளிம்பு டிஸ்க்கின் ஓரத்தில் 'டக்' என்று தட்டும். அந்த ஒரு தட்டலில் பெரிய சில்லு பெயர்ந்தால் டிஸ்க்கையே மாற்ற வேண்டி வரலாம். இரும்பு டிஸ்க்காக இருந்தால் அந்தத் தட்டல் ஒரு கீறலோடு போயிருக்கும். தடுக்கும் வழி மிக எளிது. மேலே இருக்கும் இரண்டு போல்ட்டை முதலில் எடுங்கள். அந்த இரண்டு துளையிலும் 14 மி.மீ. மரையுள்ள வழிகாட்டிக் குச்சிகளை முறுக்குங்கள். பிறகு மீதி மூன்றையும் எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் குச்சி மேலேயே நேராக வெளியே இழுங்கள். மாட்டும்போதும் அதே வழி.

போல்ட்டுக்கு கிரீஸ் போடும் விஷயத்தில் பாதிப் பேர் தவறு செய்கிறார்கள். போர்ஷே சொல்வது: அலுமினியப் பேஸ்ட்டை மரையிலும், போல்ட் தலைக்கும் அதன் உருண்டை வாஷருக்கும் நடுவிலும் மெல்லிதாகத் தடவ வேண்டும். சக்கரத்தோடு உட்காரும் உருண்டை முகத்தில் துளியும் படக் கூடாது. அந்த உராய்வுதான் போல்ட்டைத் தளராமல் பிடித்துவைத்திருக்கிறது. முடுக்கும் அளவு 997-க்கு 130 நியூட்டன் மீட்டர், அடுத்த தலைமுறையான 991 முதல் 160. ஒரே நட்டில் சக்கரம் நிற்கும் 991 ஜிடி3-க்கு 600 நியூட்டன் மீட்டர். அதற்கென்று நீளக் கைப்பிடியுள்ள தனி டார்க் ரெஞ்ச் (வைத்த அளவு வந்ததும் 'கிளிக்' கொடுக்கும் ரெஞ்ச்) இல்லாமல் அந்த நட்டைத் தொடவே வேண்டாம். இம்பாக்ட் கன்னால் முடுக்கிவிட்டு, மேலே டார்க் ரெஞ்ச் வைத்து ஒரு 'கிளிக்' கேட்பது அளவு பார்த்ததாகாது. ஏற்கெனவே 200 ஏறியிருந்தாலும் ரெஞ்ச் அதே 'கிளிக்'கைத்தான் கொடுக்கும்.

ரெஞ்ச்சைப் பற்றி இன்னொன்று. 200 வரை போகும் பெரிய ரெஞ்ச்சில் 10 நியூட்டன் மீட்டர் போல்ட்டை முடுக்கினால் கிளிக்கை உணர முடியாது. மரைதான் உருண்டு வரும். சின்னது ஒன்று, பெரியது ஒன்று என இரண்டு வேண்டும். வேலை முடிந்ததும் அளவைக் கீழ் எல்லைக்கு இறக்கி வைத்தால்தான் ஸ்பிரிங் சோர்ந்துபோகாமல் இருக்கும்.

இப்போது ஆயில். 997-இன் முதல் பதிப்பில் ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டுக்கு 8 மி.மீ. ஆலன் கீ, 50 நியூட்டன் மீட்டர், ஒவ்வொரு முறையும் புதிய வாஷர். இந்த வாஷர் நசுங்கித்தான் அடைக்கிறது. பழையதையே போட்டால் ஏற்கெனவே நசுங்கியதால் லேசாகக் கசியும். கசிவதைப் பார்த்து இன்னும் கால் சுற்று முடுக்குவார்கள். அடுத்த வருடம் இன்னும் கால் சுற்று. மூன்றாவது முறை அலுமினிய மரை போல்ட்டோடு சேர்ந்து வெளியே வரும். ஒரு வாஷரைச் சேமிக்கப்போய் சம்ப்புக்கே வைத்தியம் பார்க்கும் நிலை இப்படித்தான் வருகிறது.

ஃபில்டரின் பிளாஸ்டிக் கூட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர் போதும். பழைய ஓ-ரிங் வாயிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேல் புதியது ஏறினால், இன்ஜின் ஓடும்போது அழுத்தம் தாங்காமல் ஆயில் பீய்ச்சி அடிக்கும். கழற்றிய ஃபில்டரைத் தூக்கி எறியாதீர்கள். காகித மடிப்பைக் கத்தியால் வெட்டி, பிழிந்து, வெளிச்சத்தில் விரியுங்கள். சில மினுமினுப்புத் துகள்கள் எந்த இன்ஜினிலும் இருக்கும். நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு இரும்புச் சில்லு இருந்து, காந்தத்திலும் ஒட்டினால், காரை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். இந்த இன்ஜின் குடும்பத்தில் இடைத்தண்டின் பேரிங் உடையும் நோய் பலரும் அறிந்தது. அதைச் செலவு கையை மீறும் முன் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்தக் காகிதம்தான்.

ஊற்றும் ஆயில் போர்ஷே ஏ40 அனுமதி பெற்ற 0டபிள்யூ-40. "ஸ்போர்ட்ஸ் கார்தானே, கெட்டியாக இருந்தால் நல்லது" என்று 10டபிள்யூ-60 ஊற்றுவது தவறு. அது பிஎம்டபிள்யூவின் எஸ்65 போன்ற இன்ஜின்களின் இடைவெளிக்கு ஏற்றது. அளவும் முக்கியம். கொள்ளளவு சுமார் 8 லிட்டர் என்றால் 7 ஊற்றி நிறுத்துங்கள். சமதளத்தில், கைநூல் சொல்லும் சூட்டில் அளவு பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். அதிகமானால் ஆயில் காற்றுக் குழாய்க்குள் போய் நீலப் புகையாக வரும், கடைசியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். காற்றில் குளிரும் பழைய 911 வைத்திருப்பவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு. அது டிரை சம்ப், அதாவது ஆயில் தனித் தொட்டியில் இருக்கும். இன்ஜின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். ஆறிய இன்ஜினில் குச்சியை உருவினால் ஆயிலே இல்லாதது போல் காட்டும். அதை நம்பி லிட்டர் கணக்கில் ஊற்றிவிடுகிறார்கள்.

கியர்பாக்ஸில் ஒரே ஒரு விதி: ஊற்றும் போல்ட்டை முதலில் கழற்றிப் பார்த்த பிறகே வடிக்கும் போல்ட்டைத் தொட வேண்டும். மேல் போல்ட் துரு பிடித்து, தலை உருண்டுவிட்டால், வடித்த பாக்ஸோடு கார் ஸ்டாண்டிலேயே நிற்கும். பிடிகே என்ற இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸில் கிளட்ச்சுக்கு ஓர் எண்ணெய், பற்களுக்கு வேறு எண்ணெய், இரண்டுக்கும் தனித்தனி அறை. மாற்றி ஊற்றினால் கிளட்ச் போனது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பார்க் பிளக்கை இன்ஜின் முழுதாக ஆறிய பின்தான் கழற்ற வேண்டும். சூட்டில் அலுமினிய ஹெட்டின் மரை பிளக்கோடு உரிந்து வரும். கழற்றும் முன் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். 14 மி.மீ. பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். பூச்சுள்ள பிளக்கின் மரையில் கிரீஸ் வேண்டாம். கிரீஸ் தடவினால் அதே அளவில் பிளக் கூடுதலாக இறுகிவிடும். கீழே விழுந்த பிளக்கைப் போடாதீர்கள். பீங்கானின் உள் விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

பிரேக் ஃப்ளூயிட் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் தரம் கேட்பது 155 மட்டுமே. ரேஸ் டிராக்கில் பெடல் திடீரென்று தரையைத் தொடுவது இதனால்தான். டாட் 5 சிலிக்கோன் வகை. எண் பெரிது என்று அதை வாங்கிவிடாதீர்கள், அது டாட் 4-ஓடு சேராது. ஒவ்வொரு காலிப்பரிலும் இரண்டு நிப்பிள், இரண்டிலும் காற்று எடுக்க வேண்டும். எடுக்கும்போது மேல் டப்பா காலியாகிவிட்டால் காற்று ஏபிஎஸ் பெட்டிக்குள் போய்விடும், பிறகு கம்ப்யூட்டர் மாட்டித்தான் எடுக்க முடியும். மூன்று நான்கு முறை பெடல் அமுக்கியதும் ஒருமுறை டப்பாவைப் பாருங்கள். பெயின்ட்டில் சிந்தினால் துடைக்காதீர்கள், உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கூலன்ட் 20 லிட்டருக்கும் மேல். இன்ஜின் பின்னால், ரேடியேட்டர் முன்னால்; நடுவில் காரின் நீளத்துக்குக் குழாய். மேலே ஊற்றி நிரப்பினால் நடுவே காற்று மாட்டிக்கொண்டு சிலிண்டர் ஹெட் வெந்துவிடும். வெற்றிடக் கருவியால் முதலில் காற்றை உறிஞ்சுங்கள். முள் சில நிமிடம் அசையாமல் நின்றால் கசிவு இல்லை என்றும் தெரிந்துகொள்ளலாம். பிறகு கூலன்ட்டை அதே வெற்றிடம் இழுத்துக்கொள்ளும்.

"ஓட்டவே இல்லையே" என்று தள்ளிப்போடும் வேலைகளும் உண்டு. ஃபெராரி எஃப்355-இன் டைமிங் பெல்ட்டை மாற்ற இன்ஜினையே வெளியே எடுக்க வேண்டும், அதனால் தள்ளிப்போடுவார்கள். பெல்ட் கிலோமீட்டரைப் பார்த்து மட்டும் கெடுவதில்லை, வருடத்தைப் பார்த்தும் கெடுகிறது. அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். டயரும் அப்படியே: பக்கவாட்டில் 2319 என்று இருந்தால் 2019-இன் 23-ஆம் வாரம் செய்தது.

காரின் அடியை மூடும் தட்டை உடனே மாட்டாதீர்கள். இன்ஜினைச் சூடாகும் வரை ஓடவிட்டு, டிரெயின் போல்ட்டையும் ஃபில்டர் கூட்டையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி சுத்தமாக இருந்தால் தட்டை மாட்டலாம். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டி, சக்கரம் ஆறியதும் போல்ட்டுகளுக்கு மறுபடி ரெஞ்ச் வையுங்கள்.