பனிமகள் உருகும் இடம்

நேற்று இரவு ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவின் ‘பனிமகள்’ ஓபராவை முழுதாகக் கேட்டேன், மனம் இன்னும் அதிலேயே கிடக்கிறது. 1882இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறியது.

உறைபனித் தாத்தாவுக்கும் வசந்த தேவதைக்கும் பிறந்தவள் பனிமகள், காதல் என்றால் என்னவென்றே தெரியாது, கடைசியில் அம்மாவிடம் போய் அதைக் கேட்டு வாங்குகிறாள், வாங்கியதும் தன்னை விரும்பும் வணிகன் மிஸ்கிரை மனதாரக் காதலிக்கிறாள், அப்புறம் முதல் சூரியக்கதிர் பட்டு உருகிப்போகிறாள். ஆனால் பாருங்கள், அவள் புலம்பவில்லை. காதலைத் தந்த அம்மாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டே கரைகிறாள்! அந்த இடத்தில் நான் அழுதேவிட்டேன்.

மிஸ்கிர் ஏரியில் பாய்ந்து சாகிறான். உடனே ஊரே சேர்ந்து சூரியக் கடவுள் யாரிலோவைப் பாடுகிறது, அதுவும் 11 எண்ணிக்கைத் தாளத்தில். அவ்வளவு வெளிச்சமான இசை. எனக்குத்தான் அவளை விட்டு வர முடியவில்லை.