கடைக்கு வாங்கும் போன், வீட்டுக்கு வாங்கும் போன்

தாராவியில் ஒரு தோல்பைப் பட்டறைக்கு ஐந்து போன் வாங்குவதும் வீட்டுக்கு ஒன்று வாங்குவதும் ஒரே வேலை இல்லை. வீட்டுப் போன் கெட்டால் ஒருவருக்குத்தான் சிரமம். பட்டறைப் போனில்தான் ஆர்டர் எடுக்கும் வாட்ஸ்அப், பணம் வந்ததைச் சொல்லும் யுபிஐ, பல வருடமாகச் சேர்ந்த வாடிக்கையாளர் எண்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் மும்பை லேமிங்டன் ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் போய் நின்றால் நம்மவர்கள் பலரும் கேட்பது கேமரா எத்தனை மெகாபிக்சல், ரேம் எவ்வளவு என்பதைத்தான். தொழிலுக்கு வாங்கும்போது அவை பின்னால் வரவேண்டிய கேள்விகள். பாதுகாப்பு அப்டேட் எந்த வருடம் வரை வரும், போனில் இருக்கும் நம்பரும் கணக்குகளும் யார் கையில் இருக்கும் என்ற இரண்டும்தான் முன்னால் வரவேண்டும்.

ஆண்ட்ராய்டில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளையும் அவற்றுக்கான அடைப்பையும் கூகுள் தொடர்ந்து வெளியிடுகிறது. பாதுகாப்பு அப்டேட்டாக அதை உங்கள் மாடலுக்கு அனுப்பவேண்டியது போன் கம்பெனி. கெடு முடிந்த மாடலுக்கு அனுப்பமாட்டார்கள். ஓட்டை எங்கே என்று ஊருக்கே தெரிந்திருக்கும், உங்கள் போனில் மட்டும் அது திறந்தே கிடக்கும். பணம் புழங்கும் போனுக்கு இது ஆகவே ஆகாது.

2023 அக்டோபரில் வந்த பிக்சல் 8க்கு ஏழு வருடம், 2024 ஜனவரியில் வந்த சாம்சங் எஸ்24க்கு ஏழு வருடம், விலை குறைந்த கேலக்ஸி ஏ16 5ஜிக்கு ஆறு வருடம் என்று அறிவித்திருக்கிறார்கள். வேறு பல மலிவு மாடல்களுக்கு இரண்டு மூன்று வருடத்தோடு சரி. இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இந்த வருடக் கணக்கு மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் பில் போட்ட நாளிலிருந்து இல்லை. நான்கு வருட அப்டேட் உள்ள மாடலை இரண்டு வருடம் கழித்து, கணபதி சீசன் தள்ளுபடியில் வாங்கினால் உங்களுக்கு மிஞ்சுவது இரண்டே வருடம். அதனால் விலையை மிச்சமுள்ள வருடத்தால் வகுத்துப் பாருங்கள். 12,000 ரூபாய்ப் போனுக்கு இரண்டு வருடம் என்றால் வருடத்துக்கு 6,000. 18,000 ரூபாய்ப் போனுக்கு ஆறு வருடம் என்றால் வருடத்துக்கு 3,000. நடுவில் ஒருமுறை பேட்டரி மாற்றும் செலவைச் சேர்த்தாலும் இரண்டாவதுதான் மலிவு. ஐபோன்களும் நெடுநாள் ஓடுபவை. 2018இல் வந்த எக்ஸ்ஆர் மாடலுக்கு 2024இல்கூடப் புதிய ஐஓஎஸ் கிடைத்தது.

ரேம் விஷயத்தில் நீட்டி முழக்க எதுவும் இல்லை. டெலிவரிக்கு 6 ஜிபி ரேம், 128 ஜிபி இடம். கணக்கு பார்ப்பவருக்கும் ஆர்டர் எடுப்பவருக்கும் 8 ஜிபி, 256 ஜிபி. வாட்ஸ்அப்பில் வந்து குவியும் சாம்பிள் படங்களே இடத்தை அடைத்துவிடும். அட்டைப்பெட்டியில் “8+8” என்று போட்டிருந்தால் இரண்டாவது எட்டு ரேம் இல்லை, சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது. சேமிப்பு, மெதுவான இஎம்எம்சி வகையா வேகமான யுஎஃப்எஸ் வகையா என்றும் பாருங்கள். இஎம்எம்சி உள்ள போன் புதிதில் நன்றாக ஓடி, இடம் நிறைய நிறையத் திணற ஆரம்பிக்கும். பார்கோடு ஸ்கேன் செய்கிற வேலை என்றால் கடையிலேயே ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கேமரா முன் பிடித்துப் பாருங்கள். கிட்டத்தில் தானாக ஃபோகஸ் ஆகாத கேமரா, எத்தனை மெகாபிக்சலாக இருந்தாலும் அந்த வேலைக்கு உதவாது.

நெட்வொர்க்குக்கு வருவோம். தாராவி, ஆன்டாப் ஹில் மாதிரி நெருக்கமான இடங்களில், தகரக்கூரைக்கு அடியில் சிக்னல் தேய்ந்துபோகும். வைஃபை வழியாகவே அழைப்பு பேசும் வசதி அந்த மாடலில் உங்கள் சிம் கம்பெனிக்கு வேலை செய்கிறதா என்று உறுதி செய்யுங்கள். 5ஜி போனில் என்78, என்28 என்ற அலைவரிசைப் பேண்டுகள் இரண்டும் இருக்கவேண்டும். இன்னொன்று: ஜியோவின் 5ஜி தனித்து இயங்கும் எஸ்ஏ வகை, ஏர்டெல் 4ஜியின் மேல் ஏறி இயங்கும் என்எஸ்ஏ வகையில் தொடங்கியது. ரெட்மி ஏ4 5ஜி போன்ற சில மலிவுப் போன்களில் எஸ்ஏ மட்டும்தான் உண்டு. ஏர்டெல் சிம் போட்டுவிட்டு “5ஜி போன் வாங்கினேன், 4ஜிதான் காட்டுகிறது” என்று குழம்புவதற்கு இதுதான் காரணம்.

மழைதான் மும்பையில் பெரிய பரீட்சை. ஜூன் முதல் செப்டம்பர் வரை டெலிவரி போன் நனையாமல் இருக்கப்போவதில்லை. போன் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐபி எண்ணில் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி64 என்றால் மேலே தெறிக்கும் தண்ணீரை மட்டும் தாங்கும். ஐபி67 ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஐபி68 அதைவிடக் கடினமான சோதனை, எவ்வளவு ஆழம் என்பதைக் கம்பெனியே சொல்லும். இவையெல்லாம் அசையாத நல்ல தண்ணீரில் செய்த சோதனைகள். கடல் நீர், சோப்புத் தண்ணீர், இட்லிக் கொப்பரை ஆவி எதுவும் இதில் அடங்காது. உள்ளே இருக்கும் பசை அடைப்பு நாளாக ஆகத் தளரும். சந்துக்கடையில் டிஸ்பிளே மாற்றத் திறந்துவிட்டால் அந்த எண்ணை மறந்துவிடலாம். தண்ணீர் புகுந்தால் பொதுவாக வாரண்டியும் கிடையாது. எனவே ஐபி67ஓ அதற்கு மேலோ உள்ள போன் பட்ஜெட்டில் வராவிட்டால், ஐபி64 போனும் ஆளுக்கு ஒரு வாட்டர்புரூஃப் பையும் போதும். சார்ஜ் போடும் துளையில் ஈரம் இருக்கும்போது கேபிளைச் செருகினால் முனைகள் அரித்துப்போகும். துளை கீழே இருக்கும்படி பிடித்துத் தட்டி, காற்றில் உலரவிடுங்கள். அரிசியில் புதைப்பதால் துகள்தான் உள்ளே போகும்.

ஈரக்கையும் மாவுக்கையுமாக வேலை செய்பவர்களுக்குக் கைரேகை சென்சார் அடிக்கடி மறுக்கும். பின் நம்பரையும் பழக்கிவிடுங்கள். பைக் ஹேண்டிலில் போனை நேரடியாக மாட்டினால், கேமராவுக்குள் லென்ஸை ஆடாமல் பிடிக்கும் பாகம் இன்ஜின் அதிர்வில் கெடலாம் என்று ஆப்பிளே எச்சரித்திருக்கிறது. அதிர்வு தாங்கும் மவுண்ட் வாங்கவேண்டும். நாள் முழுக்க வெளியே சுற்றுபவருக்கு சாம்சங் எக்ஸ்கவர்7 போன்ற முரட்டுப் போனைப் பார்க்கலாம். அதில் 4,050 எம்ஏஎச் பேட்டரியைக் கழற்றி இன்னொன்றைப் போட முடியும். ஆனால் உள்ளேயே உட்கார்ந்து ஆர்டர் எடுப்பவருக்கு அது வீண் செலவு.

எல்லாருக்கும் ஒரே மாடல் வாங்குங்கள். சார்ஜர், கண்ணாடி, கவர் எல்லாம் பொதுவாகிவிடும். எட்டுப் போனுக்கு ஒன்று என்று உதிரியாக வைத்திருங்கள்.

இனி கணக்குகள். பணம் அதிகமாக விரயமாவது இங்கேதான். போனைப் பையன் கையில் கொடுத்து “நீயே செட் பண்ணிக்கோ” என்றால் அவன் தன் சொந்த ஜிமெயிலைப் போடுவான். வேலையை விட்டுப் போகும் நாளில் பட்டன்களை அழுத்தி ரீசெட் செய்தாலும், போன் திரும்ப எழுந்து அதே பழைய ஜிமெயிலைக் கேட்கும். திருட்டைத் தடுக்க ஆண்ட்ராய்டு 5.1 முதல் இருக்கும் பூட்டு இது. அவன் ஊருக்குப் போய், நம்பரும் மாறியிருந்தால் உங்கள் கையில் இருப்பது வெறும் செங்கல்.

முறையாகச் செய்வது கடினமில்லை. நிறுவனங்களுக்கான கூகுளின் மின்னஞ்சல் சேவையான வொர்க்ஸ்பேஸ் உங்களிடம் இருந்தால், ஊழியர் போன்களை ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தும் போன் மேலாண்மை அதோடு சேர்ந்தே வருகிறது. சாம்சங் என்றால், போன்களை நிறுவனத்தின் பெயரில் சேர்க்கும் நாக்ஸ் பதிவு இலவசம். புதுப் போனின் வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் ஆறு முறை தட்டினால் கியூஆர் படிப்பான் திறக்கும். மேலாண்மை மென்பொருள் தரும் கியூஆரைக் காட்டினால் போன் நிறுவனத்துடையதாகவே எழுந்து நிற்கும். வைஃபையில் இணைத்து, மொழி தேர்ந்து, கணக்கெல்லாம் போட்ட பிறகு இதைச் செய்ய முடியாது, திரும்ப ரீசெட் போட்டுத்தான் ஆகவேண்டும். ஊழியரின் சொந்தப் போனிலேயே வேலை நடக்கிறது என்றால் வொர்க் புரொஃபைல் போதும். அலுவலக ஆப்கள் தனி அறையில் இருக்கும், விலகும்போது அந்த அறையை மட்டும் அழிக்கலாம், அவருடைய குடும்பப் படங்களை நீங்கள் தொடமாட்டீர்கள். ஐபோனுக்கு இதே வேலையைச் செய்வது ஆப்பிள் பிசினஸ் மேனேஜர். வெளிக்கடையில் வாங்கியதையும் ஆப்பிளின் கான்ஃபிகரேட்டர் ஆப் மூலம் சேர்க்கலாம், ஆனால் முதல் 30 நாள் வரை பயன்படுத்துபவரே அதிலிருந்து விலகிக்கொள்ள முடியும்.

இரண்டு மூன்று போன் மட்டும் உள்ள கடைக்கு இதெல்லாம் அதிகம் என்று தோன்றினால், குறைந்தது நிறுவனப் பெயரில் ஒரு ஜிமெயில் திறந்து அதைப் போடுங்கள். கடவுச்சொல் முதலாளியிடம் இருக்கட்டும்.

வாட்ஸ்அப் பிசினஸில் இரண்டடுக்குச் சரிபார்ப்பின் ஆறு இலக்கப் பின்னை நீங்களே போட்டு, மீட்பு மின்னஞ்சலாக நிறுவன முகவரியைக் கொடுங்கள். ஊழியர் போட்ட பின் நம்பர் தெரியாவிட்டால் சிம் உங்கள் கையில் இருந்தும் ஏழு நாள் காத்திருக்கவேண்டும். ஏழு நாள் ஆர்டர் இல்லாமல் எந்தப் பட்டறை தாங்கும்? ஒரே நம்பரை முதன்மைப் போன் போக இன்னும் நான்கு கருவிகளில் இணைக்கலாம். முதன்மைப் போனைக் கல்லாவில் வைத்து, மற்றவர்களுக்கு இணைப்பு மட்டும் கொடுங்கள். அந்த முதன்மைப் போன் 14 நாள் தொடாமல் கிடந்தால் மற்ற எல்லாமே வெளியேற்றப்படும்.

சிம்மும் நிறுவனத்தின் பெயரில் இருக்கவேண்டும். 2023 டிசம்பர் முதல் வணிக இணைப்பில், பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் கேஒய்சி கட்டாயம். ஒரு ஆளின் பெயரில் ஒன்பது சிம்மே எல்லை என்பதால், முதலாளியின் ஆதாரிலேயே எல்லாருக்கும் வாங்கிக்கொண்டிருந்தால் ஒருநாள் நின்றுபோகும்.

செட் செய்த அன்றே இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. யுபிஐ ஆப்பில் பணம் வந்த சத்தம் சில சமயம் வராமல் போவது நெட்வொர்க் கோளாறால் மட்டும் இல்லை. பேட்டரியை மிச்சப்படுத்தப் போன் அந்த ஆப்பைப் பின்னணியில் தூங்கவைத்துவிடுகிறது. செட்டிங்ஸில் அந்த ஆப்புக்குள் போய் பேட்டரி என்ற இடத்தில் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றுங்கள். சாம்சங்கில் தூங்கவே தூங்காத ஆப்கள் பட்டியலிலும், ஷியோமியில் ஆட்டோஸ்டார்ட்டிலும் சேர்க்கவேண்டும். பூட்டுத்திரை விளம்பரங்களையும் அப்போதே அணைத்துவிடுங்கள்.

பில் விஷயம். 2020 ஏப்ரல் 1 முதல் போனுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 18,000 ரூபாய்ப் போனில் சுமார் 2,746 ரூபாய் வரி. பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருந்து, வாங்கிய போன் தொழிலுக்குப் பயன்பட்டால் அதை உள்ளீட்டு வரவாக எடுக்கலாம், அதாவது நீங்கள் கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது இல்லை. ஆன்லைனில் ஆர்டர் போடும் முன்பே எண்ணைக் கொடுக்கவேண்டும், பிறகு மாற்றித் தருவது அரிது. வரி வரவை எடுத்துவிட்டு அதே வரித்தொகைக்குத் தேய்மானமும் எழுதக்கூடாது. போன் திருடுபோனால் எடுத்த வரவைத் திருப்பவேண்டும். ஒரே நாளில் ஒரே கடைக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அந்தத் தொகை சொத்தின் விலையாக ஏறாது. மனீஷ் மார்க்கெட்டில் பில் இல்லாமல் இரண்டாயிரம் குறைவாகக் கிடைக்கிறது என்பவர்கள் இதையெல்லாம் கூட்டிப் பார்க்கவேண்டும்.

பழைய போன் வாங்கினால் *#06# தட்டி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்களை (போனின் அடையாள எண்), இரண்டு சிம் என்றால் இரண்டையும், பெட்டியோடும் பில்லோடும் ஒப்பிடுங்கள். ஆங்கில எழுத்தில் கேஒய்எம் என்று அடித்து, இடைவெளி விட்டு, ஐஎம்இஐயை 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த எண் முடக்கப்பட்டதா என்று தெரியும். விற்பவர் கண்முன்னே தன் கணக்கை நீக்கி ரீசெட் போடட்டும்.

தொலைந்தால் என்ன செய்வது என்பதை வாங்கும் நாளிலேயே எழுதிக் கல்லாவில் ஒட்டுங்கள், ஐஎம்இஐ பட்டியலோடு. வரிசை முக்கியம். முதலில், தொலைந்த போனைத் தேடும் கூகுள் ஃபைண்ட் ஹப்பில் போனைப் பூட்டுங்கள், தேவைப்பட்டால் அழியுங்கள். அடுத்து வங்கிக்குச் சொல்லி யுபிஐயை நிறுத்துங்கள், பிறகு சிம்மை முடக்குங்கள். அதன் பிறகு போலீஸில் புகார் கொடுங்கள், லோக்கல் ரயிலில் போயிருந்தால் அது ரயில்வே போலீஸிடம். மாற்றுச் சிம் வாங்கியதும் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, அதாவது ஓடிபியும் வராது. ஓடிபி வரத் தொடங்கியதும் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் புகார் நகலையும் பில்லையும் ஏற்றி இரண்டு ஐஎம்இஐகளையும் முடக்குங்கள். 2019 செப்டம்பரில் சோதனையாக மும்பையில் தொடங்கிய இந்த ஏற்பாடு 2023 மே முதல் நாடு முழுவதும் உண்டு. ஐஎம்இஐ முடக்கத்தை முதலிலேயே செய்தால் போனுக்கு மொபைல் நெட்வொர்க் கிடைக்காமல், நீங்கள் அனுப்பும் பூட்டும் அழிக்கும் கட்டளையும் போய்ச் சேராது. போன் திரும்பக் கிடைத்தால் அதே தளத்தில் முடக்கத்தை நீக்கலாம். முடக்கும்போது தரப்பட்ட விண்ணப்ப எண் அதற்குத் தேவைப்படும், அதையும் அந்தப் பட்டியலிலேயே குறித்து வையுங்கள்.