யாராவது ஒருத்தர் வெளிய வாங்கப்பா

செவ்வாய்க்கிழமை ஏற்காடு போயிட்டு வந்தேன். மே மாசம், மலர்க் கண்காட்சி, சேலமே மேல போகுது, நானும் போனேன். ஏரியைப் பார்க்கலை. படகு ஏறலை. ரோட்டோரத்துல ஒரு மிளகாய் பஜ்ஜி கூட வாங்கலை. சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு அடாப்டரை வாங்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு இறங்கிட்டேன். இதை வீட்டுல ஒருத்தரும் நம்பலை. "அடாப்டர் வாங்கத்தான் போனாராம், ஜெர்கினை எடுத்து மாட்டிக்கிட்டு" அப்படின்னு மாமியார் குக்கரைப் பார்த்துச் சொன்னாங்க. என்னைப் பார்த்து எப்ப சொல்லியிருக்காங்க.

எல்லாம் திங்கக்கிழமை காலையில ஆரம்பிச்சது.

எங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல பிளான் வரையற ஆளு ஒன்பது, அந்த சாஃப்ட்வேருக்கு லைசென்ஸ் அஞ்சு. சாஃப்ட்வேர் எல்லார் கம்ப்யூட்டர்லயும் இருக்கு. ஆனா திறக்கறப்ப சர்வர்கிட்டப் போய் ஒரு டோக்கன் வாங்கிட்டு வரணும், மூடினா டோக்கன் திரும்பிப் போயிடும். அஞ்சும் வெளிய இருந்தா ஆறாவது ஆளு நிக்க வேண்டியதுதான். எனக்கு இது புதுசு இல்லை. அம்மாபேட்டை லைன் வீட்டுல ஆறு குடும்பத்துக்கு ஒரே பாத்ரூம். காலையில சொம்பும் கையுமா நின்னுக்கிட்டு எங்க அப்பா போடற சத்தம் தறிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். அதே சத்தத்தை இப்ப ஃபேர்லேண்ட்ஸ்ல ஏசி ரூம்ல நான் போடறேன்: "யாராவது ஒருத்தர் வெளிய வாங்கப்பா!"

யாரும் வர மாட்டாங்க. பிரகாஷ் இருக்கானே, காலையில ஒன்பது ரெண்டுக்கு உள்ள போனான்னா சாயங்காலம்தான். சாப்பிடப் போறப்பவும் திறந்தே வெச்சுட்டுப் போவான், பஸ்ஸுல துண்டு போட்ட மாதிரி.

இதுக்கு மருந்து இருக்கு. ஆப்ஷன்ஸ் ஃபைல்னு ஒண்ணு. கால் மணி நேரம் கை படாம இருந்தா டோக்கனைப் பிடுங்கிக்கன்னு அதுல ஒரே ஒரு வரி எழுதினா போதும். விநாடிக் கணக்கு, 900ன்னு போடணும். போட்டேன். ஒரே நாள்தான். பிடுங்கினதுல மொத டோக்கன் ஓனரோடது. அவருக்கு ஒரு கோடு போடத் தெரியாது. ஆனா பத்தரைக்கு வந்து ஒரு பிளானைத் திறந்து, பெரிசு பண்ணி, சின்னது பண்ணி, அப்படியே திரையில விட்டுட்டு போன் பேசுவார். கிளையன்ட் வந்தா பார்க்க நல்லா இருக்கும்னு. அஞ்சுல ஒரு டோக்கன் வாசல் தோரணமாப் போகுது. மறுநாளே அந்த வரியை அழிச்சேன்.

சரி, திங்கக்கிழமை. யாருக்கும் திறக்கலை. ஒன்பது திரையிலயும் ஒரே செய்தி: வெண்டார் டீமன் டவுன், மைனஸ் 97.

ஓனர் எட்டிப் பார்த்தார். "டீமனா? பேய் பிசாசா?"

"அது பின்னாடி ஓடற ஒரு புரோகிராம் சார்."

"டவுன்னா?"

"ஓடலைங்க சார்."

"செத்துப் போச்சுன்னு சொல்லு."

சர்வர்ல ரெண்டு பேரு வேலை பார்க்கறாங்க. வாசல்ல செக்யூரிட்டி மாதிரி ஒருத்தன், பேரு எல்எம்ஜிஆர்டி. உள்ள கவுண்டர்ல டோக்கன் கிழிச்சுத் தர்றவன் வெண்டார் டீமன். செக்யூரிட்டி விறைப்பா நிக்கறான், கவுண்டர்ல ஆளைக் காணோம். அதுதான் 97. செக்யூரிட்டியே இல்லைன்னா வேற நம்பர் வரும்.

சர்வர்னதும் பெரிசா நினைச்சுக்காதீங்க. ஜெராக்ஸ் மெஷினுக்குக் கீழ கிடக்கற அதே கறுப்பு சிபியுதான். மேல பிள்ளையார் படம், வெள்ளிக்கிழமை சந்தனம் குங்குமம். போன ஆயுத பூஜைக்கு வெச்ச பொரி உள்ள போய் ஃபேன் நின்னு, அது தனிக் கதை.

நான் என்ன பண்ணேன்? எல்லாம் பண்ணேன். அணைச்சுப் போட்டேன். ஃபயர்வால்ல 27000 போர்ட், அதாவது மத்த கம்ப்யூட்டர்கள் சர்வருக்குள்ள வர்ற கதவு, திறந்திருக்கான்னு பார்த்தேன். செக்யூரிட்டிக்கு ஒரு போர்ட், கவுண்டர்காரனுக்கு ஒரு போர்ட், ரெண்டாவது போர்ட்டை லைசென்ஸ் ஃபைல்ல நம்ம கட்டிப் போடலைன்னா ஒவ்வொரு தடவை எழுந்திரிக்கறப்பவும் மாறிக்கும், சனியன். அது கட்டித்தான் கிடந்தது. சர்வர் பேரை யாராவது மாத்திட்டாங்களான்னு பார்த்தேன். தேதி சரியா, பார்த்தேன். கோபி தன் பங்குக்கு எல்லா லேன் ஒயரையும் உருவி, வாயால ஊதி, திருப்பிச் சொருகினான். எதுக்குடான்னா, "ஒரு திருப்திங்ணா." ராதிகா அமைதியா கிராஃப் ஷீட்டை எடுத்து பென்சில்ல வரைய ஆரம்பிச்சுட்டா. அன்னிக்கு ஆபீஸ்ல நடந்த ஒரே வேலை அதுதான்.

மத்தியானம் தட்டுவடை செட் வந்தது. எனக்குப் பீட்ரூட் தூக்கலா, கோபிக்குப் பூண்டுக் காரச் சட்னி ரெண்டு மடங்கு. மூணாவது தட்டுவடையைக் கடிக்கறப்பதான் ஞாபகம் வந்தது: லாக் ஃபைலைப் பார்க்கவே இல்லை. டாக்டர்கிட்ட ஸ்கேனெல்லாம் எடுத்து முடிச்ச அப்புறம், "நாக்கை நீட்டுங்க"ன்னு கேட்ட மாதிரி.

லாக் ஃபைல்னா அந்த சர்வரோட டைரி. யார் டோக்கன் எடுத்தா, எத்தனை மணிக்கு, எப்ப திருப்பிக் கொடுத்தா, யாருக்கு இல்லைன்னு சொன்னோம், ஒண்ணு விடாம எழுதி வெச்சிருக்கும். எங்க பாட்டி திண்ணையில உக்கார்ந்து தெருவுக்கே வெச்சிருந்த கணக்கு கூட இவ்வளவு சுத்தம் இல்லை. கடைசி வரியைப் பார்க்க வேண்டியவன் மேல இருந்து படிக்க ஆரம்பிச்சுட்டேன். பிரகாஷ் சனிக்கிழமை சாயங்காலம் நாலரைக்கே கிளம்பிட்டான், ஆனா அவன் டோக்கன் ஆறே முக்கால் வரைக்கும் வேலை பார்த்திருக்கு. ஓனர் தோரணம் தினம் ஏழு மணி நேரம். இதுக்கு நடுவுல ஒரு வரி எனக்குப் புரியலை. ரிசப்ஷன் கம்ப்யூட்டர். காலை 7.12க்கு எடுத்திருக்கு, 8.41க்குத் திருப்பிக் கொடுத்திருக்கு. அதுக்கு முந்தின நாளும் அப்படித்தான். அதுக்கு முந்தின நாளும். எங்க ஆபீஸ்ல எட்டே முக்காலுக்கு முன்னாடி ஈ கூட வராது. யாரோ வெளிய இருந்து உள்ள புகுந்துட்டாங்கன்னு எனக்கு வேர்த்துப் போச்சு.

ஒரு வழியாக் கடைசி வரிக்கு வந்தேன். லைசென்ஸ் ஃபைலோட சர்வர் லைன்ல இருக்கற ஹோஸ்ட் ஐடி, அதாவது மெஷினோட அடையாள நம்பர், தப்பு, ஃபைல் சொல்ற நம்பர் ஒண்ணு, மெஷின் நம்பர் வேற ஒண்ணுன்னு பட்டவர்த்தனமா எழுதியிருக்கு. காலையில ஒன்பதரை மணியில இருந்தே எழுதிக்கிட்டு இருந்திருக்கு, பாவம், படிக்கத்தான் ஆள் இல்லை.

நெட்வொர்க் கார்டுக்குப் பிறவியிலயே ஒரு நம்பர் உண்டு, மேக் அட்ரஸ். பன்னெண்டு எழுத்து. லைசென்ஸைக் கொடுக்கறவங்க அந்த நம்பரோடதான் தாலி கட்டிக் கொடுப்பாங்க. எங்க சர்வருக்கு நாலு வருஷம் முன்னாடி இடி விழுந்து போர்டுல இருந்த லேன் போச்சு. அவசரத்துக்கு ஐந்து ரோட்டுல லேன் ஒயரை மாட்டற ஒரு யுஎஸ்பி அடாப்டர் வாங்கிச் சொருகி, அந்த நம்பரைக் கொடுத்துத்தான் லைசென்ஸ் வாங்கினது. அப்புறம் நல்ல கார்டு போட்டாச்சு, ஒயரும் அதுக்கு மாறியாச்சு. அடாப்டர் மட்டும் பின்னாடி ஒயர் இல்லாம, வேலை இல்லாம, வெறுமனே சொருகிக் கிடந்தது. கல்யாண வீட்டுல நாற்காலியில உக்கார்ந்திருக்கற பெரியப்பா மாதிரி. ஒண்ணும் செய்ய மாட்டார், ஆனா அவர் எழுந்து போயிட்டா முகூர்த்தம் நின்னு போகும்.

ஜெராக்ஸ் மெஷினை நகர்த்திப் பார்த்தேன். நாலு வருஷத் தூசி. அதுக்கு நடுவுல துடைச்சு வெச்ச மாதிரி சுத்தமா ஒரு சின்னக் கட்டம். பெரியப்பாவைக் காணோம்.

விசாரணை நடந்தது. நடத்தினது ஓனர். "எவன்டா எடுத்தது? சொல்லாம எடுத்தா அதுக்குப் பேரு திருட்டு!" ஒன்பது பேரும் நிக்கறோம். பெருக்கறப்ப விழுந்துச்சான்னு மணியக்காவைக் கேட்டார். அக்கா துடைப்பத்தோட நின்னுக்கிட்டு, "நான் அந்தப் பக்கம் கையே வெக்கறது இல்லைங்க, பிள்ளையார் இருக்கார்"னுச்சு. எப்படி இருக்கும்னு ஓனர் கேட்டார். கறுப்பு கலர், நீல வால்னேன். அவர் குரல் ரெண்டு கட்டை இறங்கிச்சு. "நீல வாலா?"

சனிக்கிழமை சாயங்காலம் அவரே எடுத்துட்டுப் போயிருக்கார். சும்மாதானே கிடக்குன்னு. பெங்களூர் கம்பெனியில இருக்கற அவர் பையன் ஏற்காடு வீட்டுல இருந்து வேலை பார்க்கறான், கல்லுச் சுவத்துல வைஃபை தாண்ட மாட்டேங்குது, புது லேப்டாப்ல லேன் ஓட்டையே இல்லையாம். திருட்டுங்கற பேச்சு அதோட நின்னு போச்சு.

டீலரைக் கூப்பிட்டேன். புது நம்பருக்கு மாத்தித் தரலாம், லெட்டர்ஹெட்ல எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க, ரெண்டு வேலை நாள், ஆனா உங்க வருஷாந்தர ஒப்பந்தம் மார்ச்சுலயே முடிஞ்சு போச்சேன்னாங்க. மூணு தடவை ஞாபகப்படுத்தினேன். மூணு தடவையும் "பார்க்கலாம்"னார். யாருன்னு சொல்லணுமா? நம்பரையே விண்டோஸ்ல மாத்தி எழுதிடலாம்னு பிரகாஷ் ஒரு யோசனை சொன்னான். அடுத்தவன் கையெழுத்தை நான் போடறதில்லைன்னு சொல்லிட்டு, மறுநாள் வண்டிச் சாவியை எடுத்தேன்.

அடிவாரத்துல இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் எழுதி வெச்சிருக்காங்க, நம்ம எவ்வளவு முட்டாள்னு எண்ணிக்கிட்டே ஏறலாம். அஞ்சாவதுல டூரிஸ்ட் வேன் ஒண்ணு திரும்ப முடியாம நின்னு மலையே அடைச்சுப் போச்சு. ஒரு குரங்கு வந்து என் டேங்க் கவரைத் திறந்து ஆர்சி புக் ஜெராக்ஸைப் படிச்சுட்டுப் போச்சு. மேல போனா பையன், "அங்கிள், ரெண்டு மணிக்கு மீட்டிங், முடிஞ்சதும் எடுத்துக்கலாமா?" கீழ ஒன்பது பேரு சும்மா உக்கார்ந்திருக்காங்க தம்பின்னு சொல்ல வாய் வந்தது. சம்பளம் கொடுக்கறது அவங்க அப்பா. சில்வர் ஓக் மரத்துல மிளகுக் கொடியை எண்ணிக்கிட்டு நாலரை மணி வரைக்கும் உக்கார்ந்திருந்தேன். காப்பி நல்லா இருந்தது, அதைச் சொல்லணும்.

இறங்கி வந்து சொருகினேன். அஞ்சு நிமிஷம். ஒன்பது பேரும் ஓடினாங்க, அஞ்சு பேரு உள்ள போனாங்க, நாலு பேரு நின்னாங்க. எல்லாம் பழைய மாதிரி ஆயிடுச்சு. மணியக்கா அடாப்டருக்கும் ஒரு குங்குமப் பொட்டு வெச்சுது.

எல்லாரும் போன அப்புறம் ரிசப்ஷன் கம்ப்யூட்டரை உக்கார்ந்து துழாவினேன். அந்த 7.12 ஆளு. டி டிரைவுல பில் ஃபோல்டருக்குள்ள ஒரு ஃபைல், பேரு வீடு1. திறந்தேன். பத்துக்குப் பன்னெண்டுல ஒரு ரூம், சமையக்கட்டு, அடுப்பு மேடை, வாசல்ல கோலத்துக்கு இடம் விட்டு ஒரு திண்ணை, பின்னாடி பாத்ரூம். தனி பாத்ரூம். சுவரெல்லாம் ஒன்பது இஞ்சு கணக்கா போட்டிருக்கு, அளவு எழுதியிருக்கு, ராதிகா போடற அதே எழுத்து சைஸு. பின்னாடி நின்னு டீ கொடுக்கறப்ப பார்த்ததுதான் போல. ஒரே ஒரு தப்பு, பாத்ரூமுக்குக் கதவே இல்லை. ஆபீஸ் சாவி யார்கிட்ட இருக்குன்னு உங்களுக்கே தெரியும். மணியக்கா இப்பவும் லைன் வீடுதான், நாங்க இருந்ததுக்கு மூணு தெரு தள்ளி.

மூடிட்டேன். யார்கிட்டயும் சொல்லலை.

புதன்கிழமை ராத்திரி கோடை மழை, சும்மா இடிச்சுத் தள்ளுச்சு. வியாழக்கிழமை ஓனர் உத்தரவு போட்டார்: இனிமே ராத்திரி சர்வரை அணைக்கணும், காலையில ஒன்பதுக்குத் தானா எழுந்திரிக்கற மாதிரி வெச்சுடு. பயாஸ்ல, அதாவது விண்டோஸுக்கு முன்னாடி எழுந்திரிக்கற செட்டிங்ஸ்ல, போய் ஆறரைன்னு வெச்சேன். கேட்டா, பழைய மெஷின், சூடேற நேரம் ஆகும்னு சொல்லிக்கலாம். டீமனையே நம்பின மனுஷன், இதையும் நம்புவார்.

இன்னிக்குக் காலையில லாக்ல பார்த்தேன். 7.09. சாயங்காலம் எல்லாரும் கிளம்பினதும் ஃபைலையும் திறந்து பார்த்தேன். பாத்ரூமுக்குக் கதவு வந்திருக்கு. ஆனா வெளிப்பக்கமாத் திறக்குது.