நூறு ஓட்டமும் ஒரே கோடாக வந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் 12 வோல்ட் சோலார் பேட்டரிகளுக்கு மின்னோட்டம் அளக்கும் 6 போர்டுகளைச் செய்து, சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிக் கொண்டுபோய் மாட்டிய அன்றே, ஆறையும் கழற்றிக்கொண்டு இறங்க நேர்ந்தது. அதே 5 ஆம்பியருக்கு ஒரு போர்டு 412 மில்லிவோல்ட் தந்தது. இன்னொன்று 583 தந்தது. லோடை முழுவதும் துண்டித்த பிறகும் மூன்றாவது போர்டு 0.8 ஆம்பியர் காட்டியது. "தம்பி, இதுல எதை நம்பி நான் பேட்டரியைப் பார்க்கிறது?" என்று தோட்டத்து எலக்ட்ரீஷியன் அண்ணன் கேட்டார். முந்தைய வாரம்தான் எல்டிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேஷன் மென்பொருளில் மான்டி கார்லோ (பாகங்களின் மதிப்பை ரேண்டமாக மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டும் சோதனை) நூறு ஓட்டம் ஓட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

சர்க்யூட் எளியது: பேட்டரியின் பாசிட்டிவ் பக்கம் 0.01 ஓம் ஷன்ட் (மின்னோட்டத்தைச் சிறு வோல்டேஜாக்கும் ரெசிஸ்டர்), அதன் இரு முனைகளுக்கு இடையிலான வோல்டேஜ் வித்தியாசத்தை 10 மடங்கு பெருக்கும் டிஃபரன்ஸ் ஆம்ப்ளிஃபையர், அதில் 1 சதவீத ரெசிஸ்டர்கள் நான்கு. நான் செய்த தவறு, டாலரன்ஸை, அதாவது மதிப்பு விலகக்கூடிய அளவை, ஒரே பாராமீட்டர் வரியில் எழுதி நான்கு ரெசிஸ்டர்களுக்கும் அதையே கொடுத்தது. ஒவ்வொரு ஓட்டத்திலும் நான்கும் ஒரே அளவில் கூடின, ஒரே அளவில் குறைந்தன. இந்தச் சர்க்யூட்டில் விகிதம்தான் முக்கியம். விகிதம் மாறாததால் நூறு ஓட்டமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. அதை நான் நல்ல வடிவமைப்பின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் திறந்து ஓட்டியபோதும் அச்சாக அதே எண்கள் வந்தன. அதையும் உறுதிச்சான்றாகவே கொண்டேன். ரேண்டம் எண்கள் ஒவ்வொரு முறையும் அதே தொடக்கத்திலிருந்து பிறக்கின்றன என்பதும், கடிகாரத்தைக் கொண்டு அதை மாற்றும் தெரிவு செட்டிங்கில் இருக்கிறது என்பதும் பிறகுதான் தெரிந்தன.

மலையிலிருந்து இறங்கிய இரவே ஒவ்வொரு ரெசிஸ்டருக்கும் தனித்தனியாக, ரேண்டம் விலகல் தரும் காஸ் ஃபங்ஷனை எழுதினேன். இங்கே கவனம் தேவை: அதற்குள் கொடுக்கும் எண் ஒரு சிக்மா (சிதறலின் அளவான திட்ட விலக்கம்), 1 சதவீதத்தை அப்படியே கொடுத்தால் சிதறல் மும்மடங்காகிவிடும். 1 சதவீதம் என்பதை மூன்று சிக்மாவாகக் கொண்டு, மூன்றால் வகுத்துக் கொடுத்தேன். அப்படியும் அவுட்புட்டில் ஒரு சிக்மாவே சுமார் 73 மில்லிவோல்ட் வந்தது. 5 ஆம்பியருக்கு வரவேண்டியதே 500தான். தோட்டத்தில் பார்த்த சிதறல் அப்படியே திரையில் நின்றது. வருத்தத்தையும் மீறி அதில் ஒரு நிம்மதி இருந்தது.

ஷன்ட்டின் இரு முனைகளிலும் பொதுவாக நிற்கும் 12 வோல்ட், அதாவது காமன் மோடுதான் காரணம் என்பதால், 0.1 சதவீத ரெசிஸ்டர்களைத் தேடி அலையாமல் அந்தப் பொது வோல்டேஜ் ஏறத்தாழ பூஜ்ஜியமாக இருக்கும் நெகட்டிவ் பக்கத்துக்கு ஷன்ட்டை மாற்றினேன். பெருக்கும் சிப்பான ஆப்-ஆம்ப்பின் மாடலில் ஆஃப்செட் (அதன் உள்ளீட்டில் இருக்கும் சிறு வோல்டேஜ் பிழை) தானாக மாறாது. அதற்கென ஒரு சிறு வோல்டேஜ் சோர்ஸைச் சேர்த்து அதற்கும் ரேண்டம் மதிப்புக் கொடுக்க வேண்டும், ஏனெனில் இந்தச் சர்க்யூட்டில் 1 மில்லிவோல்ட் ஆஃப்செட் அவுட்புட்டில் 11 ஆகிவிடும். இம்முறை 1000 ஓட்டம் ஓட்டினேன். நூறு ஓட்டத்தில் ஒன்றுகூடத் தவறாவிட்டாலும், 95 சதவீத உறுதியோடு சொல்லக்கூடியது பழுது 3 சதவீதத்துக்குள் இருக்கும் என்பது மட்டுமே. ஆயிரத்தில் அது 0.3 ஆகிறது.

இரண்டாம் முறை மலையேறியபோது ஆறு போர்டுகளும் 5 ஆம்பியரில் 15 மில்லிவோல்ட் வித்தியாசத்துக்குள் நின்றன. அண்ணன் தாமே லோடைக் கழற்றி, ஒவ்வொன்றாகப் பூஜ்ஜியம் பார்த்துவிட்டுத்தான் பெட்டிகளை மூடினார்.